அட்டிட்லான் ஏரிக்கரையில் தொண்டு வேலை: முதல்முறை போகிறவர்களுக்கு

உதவி செய்யப் போன முதல் நாள் காலையிலேயே ஒரு வீட்டின் இரண்டு நாள் தண்ணீரைப் பாழாக்கினேன்.

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மலையூர்களில் பெரும்பாலான வீடுகளில் ‘பிலா’ என்ற சிமெண்டுத் தொட்டி இருக்கும். நடுவில் ஆழமான தொட்டி. பக்கத்தில் நம் ஊர் துவைக்கிற கல் மாதிரி வரிவரியாகப் போட்ட, ஆழமில்லாத மேடை. நடுத் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தால் அதை மொண்டு பக்கத்து மேடையில் ஊற்றித்தான் பாத்திரம், துணி, முகம் எல்லாமே கழுவ வேண்டும். இது தெரியாமல் சோப்பு நுரையோடு தட்டை நடுத் தொட்டியில் முக்கி எடுத்துவிட்டேன். வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அடைப்பைப் பிடுங்கி முழுத் தண்ணீரையும் வெளியே விட்டார். அந்தத் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும் என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

அவர்கள் திட்டமாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் என்ன தப்புச் செய்தாலும் முகம் சுளிக்காமல் சரி செய்துவிட்டுப் போவார்கள். அதனால் நாம் தப்புச் செய்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

யாருக்கு, எங்கே

மாயன் என்றால் பிரமிடு கட்டிவிட்டுக் காணாமல் போனவர்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அவர்கள் எங்கேயும் போகவில்லை. குவாத்தமாலாவின் 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் தங்களை மாயன் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாட்டில் மட்டும் 22 மாயன் மொழிகள் பேசப்படுகின்றன. கிச்சே, காக்சிக்கேல், மாம், கெக்சி ஆகியவை பெரியவை. (நம் ‘மயன்’தான் அந்த மாயன் என்று யூடியூபில் சுற்றும் கதையை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு ஏறுங்கள். அங்கே யாரும் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை.)

நான் இங்கே சொல்வது அட்டிட்லான் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றி. மூன்று எரிமலைகள் சூழ்ந்த, சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி. வடகரையில் பனாஹாச்செல், எல்லோரும் ‘பானா’ என்பார்கள். பானா பக்கம் காக்சிக்கேல் பேசுகிறார்கள், எதிர்க்கரையில் சந்தியாகோ அட்டிட்லானில் சுதுஹில். ஒரே ஏரி, படகில் போனால் இரண்டு மொழி.

பார்க்க அத்தனை அழகு. ஆனால் மேட்டு நிலத்தில் சோளமும் பீன்ஸும் போடும் துண்டு நிலம் ஒரு குடும்பத்துக்குப் பாதி வருஷத்துக்குக்கூடப் போதாது. மீதிக்குக் காப்பி பறிப்பது, கரும்பு வெட்டக் கடலோரத்துக்குப் போவது, நெசவு, சந்தை. 2014-15இல் எடுத்த தேசிய ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மாயன் குழந்தைகளிடையே இது இன்னும் கூடுதல்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு

சென்னையிலிருந்து போய்வர விமானச் செலவே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்தப் பணத்தை அப்படியே அனுப்பினால் உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கும்? முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கல் சுமக்கவும் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவும் அங்கே ஆள் பஞ்சமில்லை. வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் நிறைய. ஒரு வாரம் போய் நாலு சுவருக்குப் பெயிண்ட் அடித்து, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது சுற்றுலா. அதில் தப்பில்லை, தொண்டு என்று சொல்லாமல் இருந்தால் சரி.

அப்படியானால் யார் போகலாம்? செவிலியர், பல் மருத்துவர், பிசியோதெரபி தெரிந்தவர், சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்து பழகியவர். இவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. அப்புறம், யாரும் எதிர்பார்க்காத ஒரு கூட்டம்: கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், எக்செல் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறவர்கள். இந்த அமைப்புகளில் பாதி வேலை நன்கொடையாளருக்குப் பதில் எழுதுவதிலும் குழந்தைகளின் கடிதங்களை மொழிபெயர்ப்பதிலும்தான் போகிறது. நான் அங்கே இருந்த பத்து வாரத்தில் உருப்படியாகச் செய்தது மூன்று வருஷமாக ஒட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு மாணவர் பட்டியலைச் சீர்செய்ததுதான். ஒரே பெண்ணின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டு நான்கு மாணவிகளாக இருந்தாள்.

குறைந்தது ஆறு வாரமாவது ஒதுக்க முடிந்தால் போங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள்தான் அவர்களுக்கு வேலை வைப்பீர்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்று நவம்பர், டிசம்பரில் போய் இறங்கினால் பூட்டிய பள்ளியைத்தான் பார்ப்பீர்கள். மே முதல் அக்டோபர் வரை மழை. மலைச்சரிவு என்பதால் மழை அங்கே விளையாட்டில்லை. 2005 அக்டோபரில் ஸ்டான் புயலின்போது சந்தியாகோ அட்டிட்லானை ஒட்டிய பனாபஹ் என்ற கிராமமே மண்சரிவில் புதைந்தது. அந்த ஊர் மருத்துவமனையும் அதில் போய், பிறகு வேறு இடத்தில் எழும்பியது.

அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இணையத்தில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் பயண நிறுவனங்கள். இரண்டாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, அதில் சொற்பத்தை உள்ளூர் அமைப்புக்குக் கொடுப்பார்கள். கட்டணம் கேட்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். உங்களைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, வேலை சொல்லிக் கொடுப்பதற்குச் செலவு இருக்கிறது. எது எதற்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

நான் மின்னஞ்சலில் கேட்ட, நீங்களும் கேட்க வேண்டிய கேள்விகள்:

உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் உள்ளூர் மாயன்கள் எத்தனை பேர்? அவர்களில் மேலாளர் நிலையில் யாராவது உண்டா?

எந்தக் குடும்பத்துக்கு உதவி என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

வீடோ அடுப்போ கட்டிக் கொடுத்தால் குடும்பத்தின் பங்கு என்ன?

தொண்டர்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு “தேவையில்லை, வாருங்கள்” என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். உங்களைப் பற்றி விசாரிக்காதவர்கள் உங்களுக்கு முன்னால் வந்தவரைப் பற்றியும் விசாரித்திருக்கமாட்டார்கள். அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். நமக்கு இந்தச் சான்று கிடைப்பது சுலபம், பாஸ்போர்ட் சேவா மூலமே விண்ணப்பிக்கலாம்.

எப்படிப்பட்ட பதிலை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இரண்டு உதாரணம். குவாத்தமாலாவின் ஆண்டிகுவா நகரில் 1986 முதல் இயங்கும் காமன் ஹோப் அமைப்பில் வீடு சும்மா கிடைக்காது. குடும்பத்தார் இத்தனை மணி நேரம் என்று உழைத்து அதைச் சம்பாதிக்க வேண்டும். 2007இல் தொடங்கிய வுகு காவோக் அமைப்பு நோயாளிகளின் தாய்மொழியிலேயே, அதாவது மாயன் மொழிகளிலேயே, மருத்துவம் பார்ப்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. இரண்டிலும் குடும்பத்துக்கு ஒரு நிமிர்வு இருக்கிறது. நீட்டிய கைக்கு மூட்டையைப் போடும் வேலை இல்லை.

அமெரிக்காவில் பதிவான அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு ஆண்டும் வரித்துறைக்கு 990 என்ற படிவம் தாக்கல் செய்யும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் படியுங்கள். இயக்குநர் சம்பளம் முதல் எல்லாம் இருக்கும்.

அனாதை இல்லங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. அங்கே இருக்கும் குழந்தைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பார்கள். வறுமைதான் பிரித்திருக்கும். போதாததற்கு, குவாத்தமாலாவில் குழந்தைத் தத்து ஒரு பெரிய வியாபாரமாகவே நடந்தது. 2007இல் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்குத் தத்துப் போனார்கள். அந்த ஆண்டு முடிவில் புதிய சட்டம் வந்த பிறகுதான் அது நின்றது. இரண்டு மாதம் கொஞ்சிவிட்டுப் போகும் அத்தைகளும் மாமாக்களும் அந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஸ்பானிஷ், அதோடு நாலு வார்த்தை காக்சிக்கேல்

ஸ்பானிஷ் இல்லாமல் போகாதீர்கள். ஆண்டிகுவாவிலும் கெட்சால்தெனாங்கோவிலும் (பேச்சில் ‘ஷேலா’) ஸ்பானிஷ் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், தினம் நாலைந்து மணி நேரம், தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பத்தில் ஒரு அறை. இப்படி இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு ஏரிக்கரைக்குப் போவது நல்லது.

ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வயதான பெண்கள் பலருக்கு ஸ்பானிஷ் கொஞ்சம்தான் வரும். உங்களுக்கும் அப்படித்தான். அதனால் பேச்சு நிதானமாக நடக்கும், அது நல்லதுக்குத்தான். காக்சிக்கேலில் ‘மத்யோஷ்’ என்றால் நன்றி. ‘ஊட்ஸ்’ என்றால் நல்லது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே பானா சந்தையில் ஒரு காலைப்பொழுதை ஓட்டலாம்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் அழுத்திச் சொல்லாத ஒரு சொற்றொடர் இருக்கிறது: “ஃபீஹெசே கே...” நேர் அர்த்தம் ‘பாருங்களேன்’. ஆனால் குவாத்தமாலாவில் ஒருவர் இப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது கெட்ட செய்தி. நம் ஊரில் “அது வந்து சார்...” என்று இழுப்பார்களே, அதேதான். ஃபீஹெசே கே, சிமெண்டு வரவில்லை. ஃபீஹெசே கே, கூட்டம் நேற்றே முடிந்துவிட்டது. கோபப்பட்டுப் பயனில்லை. முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வது அங்கே மரியாதைக் குறைவு, அவ்வளவுதான்.

பெரியவர்களை ‘டோன்’, ‘டோன்யா’ என்று பெயருக்கு முன்னால் சேர்த்துக் கூப்பிடுங்கள். அலுவலகத்தில், பள்ளியில் இருக்கும் பெண்கள் ‘சென்யோ’. தெருவில் எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லாமல் கடந்து போனால் திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்குவீர்கள்.

இன்னொன்று, உங்கள் மொழி என்ன என்று கேட்பார்கள். ‘தமில்’ என்று சொன்னால் ஒரு சிரிப்பலை எழும். சோளமாவை இலையில் மடித்து அவிக்கும் அவர்களுடைய பலகாரத்துக்குப் பெயர் ‘தமால்’. எங்கள் இலைக்கொழுக்கட்டையும் கிட்டத்தட்ட இதேதான் என்று சொல்லிவையுங்கள், அந்த வீட்டில் உங்களுக்கு இரண்டு கூடுதலாகக் கிடைக்கும்.

பயண ஏற்பாடு, சுருக்கமாக

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். டெல்லியில் உள்ள தூதரகத்தில் கேட்டு, தொண்டு வேலைக்கு எந்த வகை விசா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். அந்த 90 நாள் குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா நான்குக்கும் சேர்த்துத்தான். பக்கத்து நாட்டுக்கு ஒரு எட்டுப் போய் வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்காது. அமெரிக்கா வழியாக விமானம் மாறுவதானால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியர்களுக்கு அமெரிக்க விசா தேவை. மாட்ரிட் வழி நேர் விமானம் உண்டு.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். விமான நிலையம் உள்ள ஆண்டிகுவா, விவ் ரிச்சர்ட்ஸ் பிறந்த கரீபியன் தீவு. குவாத்தமாலாவின் ஆண்டிகுவாவில் விமான நிலையமே கிடையாது. தலைநகர் குவாத்தமாலா சிட்டியில் இறங்கித் தரைவழியாகப் போக வேண்டும்.

மின்சாரம் 120 வோல்ட், அமெரிக்க மாதிரி தட்டை பிளக். இந்திய நேரத்துக்கு பதினொன்றரை மணி நேரம் பின்னால். இரவில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தடுப்பூசிகளுக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

பழைய துணி மூட்டை கொண்டுபோகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். அமெரிக்கப் பழந்துணி ‘பாக்கா’ என்ற பெயரில் ஊருக்கு ஊர் மலிவாகக் குவிந்து கிடக்கிறது. அந்தப் பெண்களின் சொந்த உடையோ கையால் நெய்தது. மேலே ‘வீபில்’, கீழே சுற்றிக்கட்டும் ‘கோர்த்தே’, இடுப்புக்கு ஒரு பட்டை. வீபிலின் நிறத்தையும் பூவேலையையும் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். நாம் கொடுக்கும் டிஷர்ட் அங்கே தரைதுடைக்கத்தான்.

போய் இறங்கியதும்

பானாவுக்கு வந்ததும் தெருவில் ஓடுவதைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிடுவீர்கள். நம் பஜாஜ் ஆட்டோதான். அங்கே ‘டுக்-டுக்’ என்கிறார்கள். ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்வது உட்பட எல்லாம் நம் ஊர் மாதிரிதான். ஊர்களுக்கிடையே போக அமெரிக்கப் பழைய பள்ளிப் பேருந்துகளுக்குப் பளபளவென்று வண்ணம் பூசி ஓட்டுகிறார்கள். இருவர் உட்காரும் இருக்கையில் மூவர். ஏரியைக் கடக்க ‘லாஞ்சா’ என்ற மோட்டார் படகு. மதியத்துக்கு மேல் ‘ஷோகொமில்’ என்ற காற்று எழும்பி ஏரி கொந்தளிக்கும், அதனால் எதிர்க்கரை வேலையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு திரும்பிவிடுவது உள்ளூர் வழக்கம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். உங்களுக்கு யோசனைகள் பொங்கிக்கொண்டு வரும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் எழுதிய பதினாலு யோசனையில் பதினொன்றை ஏற்கனவே செய்து பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். இரண்டு முட்டாள்தனம். மிச்சம் ஒன்று அந்த மாணவர் பட்டியல்.

வீட்டுக்குப் போவது

பெரும்பாலான அமைப்புகளில் சமூகப் பணியாளர் வாரந்தோறும் வீடுகளுக்குப் போவார். உங்களையும் கூட்டிப் போகலாம். போனால் இரண்டடி பின்னாலேயே இருங்கள். பேசுவது அவர் வேலை.

தகரக் கூரை, மண் தரை அல்லது சிமெண்டுத் தரை, ஓரத்தில் சோளக்கதிர் கட்டு. இருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை உங்களுக்குப் போடுவார்கள். மறுத்து மல்லுக்கட்டாமல் உட்காருங்கள். சர்க்கரை தூக்கலாகப் போட்ட, தண்ணீரான காப்பி வரும். குடிக்க வேண்டும். நல்ல காப்பிக்கொட்டையெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடும். வடக்கே ஆல்ட்டா வெராபாஸ் பக்கம் ஏலக்காயும் இப்படித்தான். உலகச் சந்தையில் நம் போடிநாயக்கனூருக்குப் போட்டி குவாத்தமாலா ஏலக்காய். விளைவிக்கும் கெக்சி விவசாயி வீட்டுச் சமையலில் அது பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் எத்தனை பேர், யார் இல்லை என்று நீங்களாகக் கேட்காதீர்கள். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயன்கள் என்று 1999இல் உண்மை ஆணையம் சொன்னது. சந்தியாகோ அட்டிட்லானில் 1990 டிசம்பர் 2 அன்று ராணுவம் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அந்த இடம் இன்று அமைதிப் பூங்கா. காணாமல் போன ஒருவரின் படம் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

அடுப்புக் கட்டிய நாள்

நான் செய்ததிலேயே பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கேயும் மூன்று கல் அடுப்புதான். வீட்டுக்குள்ளேயே எரியும், புகை போக வழியில்லை. சுவரெல்லாம் கரி, குழந்தைகளுக்கு ஓயாத இருமல். பல அமைப்புகள் இதற்கு மாற்றாகப் புகைக்குழாய் வைத்த அடுப்பைக் கட்டித் தருகின்றன. சிமெண்டுக் கல்லால் அடி, உள்ளே செங்கல்லால் தீயறை, மேலே வட்டவட்டமாக மூடி கழற்றக்கூடிய இரும்புத் தகடு, அதிலிருந்து கூரைக்கு மேலே போகும் தகரக் குழாய். தகட்டின் மேலேயே தோர்த்தியா என்ற சோள ரொட்டியைச் சுடலாம். மணலும் தண்ணீரும் குடும்பத்தின் பொறுப்பு. இடத்தைக் காலி செய்து வைப்பதும் அவர்கள்தான்.

கலவை போடும் வேலை எனக்கு. தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன். கொத்தனார் கரண்டியில் அதை எடுத்துச் சாய்த்துக் காட்டினார், பாயசம் மாதிரி வழிந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் வேலை.

மூன்றாவது வரிசைக் கல் வைத்ததும் வீட்டுக்கார அம்மா வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. தோர்த்தியா தட்டுவது போலக் கையை அசைத்துப் பார்த்தார். முழங்கை தோளுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. வரைபடம் போட்டவர் யாரோ உயரமான ஆள் போலிருக்கிறது. அந்த அம்மா நாலரை அடி. கொத்தனார் அவரை ஒருமுறை பார்த்தார், மேல் வரிசையைக் கழற்றினார். எங்களிடம் இருந்த அச்சிட்ட வழிமுறையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அவர் வந்து நிற்காமல் இருந்திருந்தால், நாங்கள் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயிருப்போம். அவர் இருபது வருஷம் தோள்வலியோடு சமைத்திருப்பார்.

கடைசியில் பழைய மூன்று கல்லையும் எடுத்து வெளியே போடப் போனேன். சமூகப் பணியாளர் என் கையைப் பிடித்துவிட்டார். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைக்கும் பெரிய பானை புது அடுப்பில் உட்காராது. வாரத்தில் சில நாள் அந்த மூன்று கல்லும் வேண்டும். வாசலுக்கு வெளியே கூரை இறக்கத்தில் வைத்துக்கொள்வதாக அந்த அம்மாவே இடம் சொன்னார்.

கட்டின அன்றே பற்றவைக்கச் சொல்லாதீர்கள். கலவை நன்றாகக் காய வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். படம் எடுப்பதற்காகச் சிலர் அன்றே தீ மூட்டச் சொல்கிறார்கள்.

கேமராவும் மிட்டாயும்

குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். அமைப்பின் அனுமதி இருந்தாலும் தாயிடம் கேட்ட பிறகுதான். இது வெறும் நாகரிகம் பற்றிய விஷயம் இல்லை. 2000 ஏப்ரலில் தோதோஸ் சாந்தோஸ் என்ற மலையூரில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் ஒரு ஜப்பானியச் சுற்றுலாப் பயணியையும் அவருடைய குழுவைக் கூட்டி வந்த பேருந்தின் ஓட்டுநரையும் கூட்டம் அடித்துக் கொன்றது. தத்து வியாபாரம் நடந்த நாட்டில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. 2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவர் வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டது நமக்கு மறந்திருக்காது. மிட்டாய், பொம்மை எதையும் தெருவில் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பணம்

யாராவது தனியாகக் கேட்பார்கள். மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்பார்கள், மனசு கேட்காது. அப்போதும் நேரடியாகக் கொடுக்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரியும். அதற்குப் பிறகு அந்தச் சமூகப் பணியாளர் எந்த வீட்டு வாசலிலும் நிம்மதியாகக் கால் வைக்க முடியாது.

செலவழிக்க வேண்டும் என்று தோன்றினால் நெசவு வாங்குங்கள். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை மரத்தில் கட்டி, தரையில் மண்டியிட்டு நெய்கிறார்கள். ஒரு வீபிலுக்கு மாதக்கணக்கில் ஆகும். வியாழன், ஞாயிறு கூடும் சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையில் இயந்திரத் துணியும் கலந்து கிடக்கும். சான் ஹுவான் லா லகுனா போன்ற ஊர்களின் பெண்கள் கூட்டுறவுக் கடைகளில் நெய்தவரிடமே வாங்கலாம். பேரம் பேசி ஜெயித்த கதையை ஊருக்கு வந்து சொல்லாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘கார்னே’ (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும், அங்கே கோழி கார்னே கணக்கில் வராது. ‘போயோ’வும் (கோழியும்) வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கறுப்பு பீன்ஸும் தோர்த்தியாவும் தினம் கிடைக்கும்.

கிளம்பும்போது

கடைசி வாரம் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். செய்ததை ஸ்பானிஷில் எழுதி வையுங்கள், ஆங்கிலத்தில் எழுதினால் அது உங்களுக்காக எழுதியதுதான். பாஸ்வேர்டு, கோப்பு இருக்கும் இடம், பாதியில் நிற்பவை எல்லாம் அதில் இருக்கட்டும். உள்ளூர் ஊழியர் ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துச் செய்து காட்ட வேண்டும்.

ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்ட நினைத்தால் கணக்குத் தெரிந்து தொடங்குங்கள். ஆறாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருஷம் ‘பாசிகோ’, அதற்கு மேல் இரண்டு மூன்று வருஷம் ‘திவெர்சிஃபிகாடோ’. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லையென்றாலும் சீருடை, ஷூ, புத்தகம், பேருந்து எல்லாம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் நிற்பது பெரும்பாலும் அந்த ஆறாம் வகுப்போடுதான். ஐந்தாறு வருஷம் தொடர்ந்து கட்ட முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு இந்தியாவில் 80ஜி வரிச்சலுகை கிடையாது.

திரும்ப எப்போது வருவீர்கள் என்று குழந்தைகள் கேட்பார்கள். அடுத்த வருஷம் என்று சொல்லிவிடாதீர்கள். ‘தெரியாது’ என்பதற்கு ஸ்பானிஷ் ‘நோ செ’. அதைப் பழகிக்கொண்டு போங்கள்.

படம் அனுப்புகிறேன் என்றும் சொல்லாதீர்கள். ஊருக்கு வந்ததும் மறந்துபோகும், அங்கே விலாசமும் ஒழுங்காக இருக்காது. பானாவிலேயே பிரிண்ட் போடும் கடை இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். பாட்டி என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம், நல்ல வீபில் போட்டுக்கொண்டு பிலா பக்கத்தில் நின்று எடுத்தது. இரண்டு பிரதி வேண்டும் என்றார், ஒன்று வடக்கே போயிருக்கும் மகனுக்கு.